செல்போனுக்குள் ஒரு செக்போஸ்ட்: ‘குக்கீ’ சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

வாளையார்:

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு லாரி ஓட்டியவர்களுக்கு வாளையார் செக்போஸ்டைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வணிகவரிச் சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பில்லைக் காட்ட வேண்டும். சீட்டு வாங்க வேண்டும். சீல் குத்த வேண்டும். பகலில் வந்து சேர்ந்த வண்டி இரவில் எல்லை தாண்டினால் அது அதிர்ஷ்டம் என்று டிரைவர்கள் சொல்லிக்கொண்ட காலம் அது.

2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ‘இ-வே பில்’ நடைமுறைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் டோல்கேட்டுகளில் ‘பாஸ்டாக்’ கட்டாயமாயிற்று. இப்போது பாம்பாம்பள்ளம் டோல்கேட்டை நெருங்கும் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கருவி தானே படித்துக்கொள்கிறது. யாரும் இறங்க வேண்டியதில்லை. யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

சாவடி போய்விட்டது. ஆனால் சீட்டு போகவில்லை. அது வண்டிக் கண்ணாடியிலிருந்து மனிதனுடைய சட்டைப் பைக்கே வந்துவிட்டது. செல்போனில் செய்தி பார்த்தாலும், ரயில் டிக்கட் எடுத்தாலும், புடவை விலை விசாரித்தாலும், அந்தந்த இணையதளம் ஒரு சிறிய சீட்டை எழுதிப் போனுக்குள் போட்டு வைக்கிறது. அதற்குக் ‘குக்கீ’ என்று பெயர். “எங்கள் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது, ஒப்புக்கொள்கிறீர்களா?” என்ற கேள்வி திரையின் அடியில் எட்டிப் பார்ப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் படிக்காமலேயே ‘சரி’ என்று தட்டிவிட்டுப் போகிறார்கள்.

செக்போஸ்டில் கொடுத்த சீட்டை எந்த டிரைவரும் படிக்காமல் வாங்கியதில்லை. வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அடுத்த சாவடியில் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். செல்போனில் சேரும் சீட்டைப் படிக்க மட்டும் ஏன் யாரும் முயல்வதில்லை? படிக்க வழி இருக்கிறதா? படித்தால் என்ன புரியும்? புதிய சட்டம் வந்திருக்கும் இந்த நேரத்தில் இக்கேள்விகள் எல்லையோரத் தமிழர்களுக்கு மிகவும் முக்கியமானவை.

சீட்டு பிறந்த கதை

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘நெட்ஸ்கேப்’ என்ற கம்பெனி இணையத்தைப் பார்ப்பதற்கான ‘பிரவுசர்’ ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த லூ மான்டுலி என்ற இளைஞருக்கு ஒரு சிக்கல் எதிர்ப்பட்டது. இணையத்துக்கு இயற்கையிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும்; கொடுத்த மறுகணம் கேட்டவரை மறந்துவிடும். கடைக்காரர் ஒவ்வொரு சாமானை எடுத்துத் தரும்போதும் “நீங்கள் யார்?” என்று புதிதாகக் கேட்டால் வியாபாரம் எப்படி நடக்கும்?

ரயில் நிலையத்துக் கிளோக் ரூமில் இதே சிக்கலுக்கு வழி கண்டிருக்கிறார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறார்கள். திரும்பி வருபவரின் முகம் சிப்பந்திக்கு ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ரசீது எண்ணைப் பார்த்தால் போதும், பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மான்டுலி செய்ததும் இதுதான். இணையதளம் ஒரு எண் எழுதிய சீட்டைப் பிரவுசரிடம் கொடுக்கிறது. பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது தானாகவே எடுத்துக் காட்டுகிறது. கம்ப்யூட்டர்காரர்களிடையே ‘மேஜிக் குக்கீ’ என்ற பழைய சொல் ஒன்று வழங்கி வந்தது. அதிலிருந்து இதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பொதுமக்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. 1996 பிப்ரவரி 12ஆம் தேதி லண்டன் ‘பைனான்சியல் டைம்ஸ்’ பத்திரிகையில் கட்டுரை வந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1996லும் 1997லும் இதுபற்றி விசாரணைகள் நடத்தியது. 1997 பிப்ரவரியில் இணைய நிபுணர்கள் முதல் விதிமுறையை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர் போகாத வேறொரு தளத்தின் சீட்டை அவருடைய பிரவுசர் தானாக வாங்கக் கூடாது என்று அந்த விதிமுறையிலேயே சொல்லப்பட்டிருந்தது. அன்றைய பெரிய பிரவுசர் கம்பெனிகள் அதை ஏற்று நடக்கவில்லை. இன்றைய தொல்லைகளில் பெரும்பகுதி அந்த ஒரு அலட்சியத்திலிருந்து வந்ததே.

சீட்டில் இருப்பது என்ன?

‘பாஸ்டாக்’ வைத்திருப்பவருக்குக் குக்கீயை விளக்குவது எளிது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கருக்குள் பணம் கிடையாது. இருப்பது ஒரு எண்தான். பணமும் கணக்கும் பாங்கியில் இருக்கின்றன. எந்த வண்டி எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குக் கடந்தது என்ற விவரமும் கணக்கு வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. குக்கீயும் அப்படியே. ஒரு குக்கீயின் அளவு ஏறக்குறைய 4,000 ஆங்கில எழுத்துக்களைத் தாண்டாது. பெரும்பாலும் அதில் இருப்பது படிக்க முடியாத நீண்ட எண். அந்த எண்ணுக்கு நேரே எழுதப்படும் பேரேடு, எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

இதுபற்றித் தவறான எண்ணங்களும் உலவுகின்றன. குக்கீ என்பது வைரஸ் அல்ல. அது தானாக ஓடாது. போனில் உள்ள புகைப்படங்களையோ பேச்சையோ அது படிக்காது. எழுதி வைத்த தளத்துக்குத் திரும்பக் காட்டப்படுவது மட்டுமே அதன் வேலை. அந்த வரையில் பயம் வேண்டாம்.

குக்கீகளில் மூன்று ரகங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, அன்றைய சீட்டு. பிரவுசரை மூடியவுடன் கிழிந்துவிடும். ரயில் டிக்கட் எடுக்கும்போது ஒரு பக்கத்தில் பெயரும் அடுத்த பக்கத்தில் பணமும் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே ஆளுடையது என்று தளத்துக்குத் தெரிவது இந்தச் சீட்டினால்தான். இது போன்ற சீட்டு இல்லாமல் பெரும்பாலான தளங்களில் கணக்கில் நுழைய முடியாது.

இரண்டாவது, நாள் குறித்த சீட்டு. மொழித் தேர்வு, கணக்கில் நுழைந்த விவரம் போன்றவற்றை நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ ஞாபகம் வைப்பது. 2022க்குப் பிறகு ‘குரோம்’ பிரவுசர் எந்தக் குக்கீயையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. அது மூன்றாம் ஆளின் சீட்டு. ஒருவர் செய்தித்தளம் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் வரும் விளம்பரம் செய்தித்தளத்துடையது அல்ல. வேறொரு விளம்பரக் கம்பெனி அனுப்புவது. விளம்பரத்தோடு அந்தக் கம்பெனியும் தன் சீட்டை ஒட்டிவிடுகிறது. பிறகு அவர் டயர் விலை பார்க்க ஒரு கடைத் தளத்துக்குப் போகிறார். அங்கேயும் அதே கம்பெனியின் விளம்பரம் இருக்கிறது. தான் ஒட்டிய எண்ணை அது மறுபடி படிக்கிறது. மருந்து விசாரிக்கும் தளத்திலும் அதே கதை. ஊரில் உள்ள எல்லாக் கடை வாசலிலும் ஒரே முதலாளியின் ஆள் நோட்டுடன் உட்கார்ந்து, “இந்த எண்காரர் இங்கேயும் வந்தார்” என்று குறித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது. காலையில் டயர் விலை பார்த்தவருக்கு மாலையில் திறந்த இடமெல்லாம் டயர் விளம்பரம் வருவதில் மந்திரம் எதுவும் இல்லை.

பார்ப்பது எப்படி?

சீட்டைப் பார்ப்பது கஷ்டமான காரியம் அல்ல. செல்போனில் ‘குரோம்’ பிரவுசர் வைத்திருப்பவர்கள் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, ‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘ஆல் சைட்ஸ்’ என்று போனால் ஒரு ஜாபிதா வரும். எந்தெந்தத் தளம் இந்தப் போனில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டு விவரம் வைத்திருக்கிறது என்று அதில் காணலாம். தாம் ஒருபோதும் போகாத பெயர்கள் அந்த ஜாபிதாவில் இருப்பதைப் பலர் முதல்முறையாக அப்போதுதான் பார்ப்பார்கள். அவை விருந்தாளியோடு கூட வந்தவை. வேண்டாத பெயரைத் தொட்டு அழித்துவிடலாம். ‘சைட் செட்டிங்ஸ்’ பகுதியிலேயே ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’ என்ற இடத்தில் மூன்றாம் ஆள் சீட்டுகளைத் தடுத்தும் வைக்கலாம்.

சீட்டின் உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும். ‘குரோம்’ பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து, விசைப்பலகையில் ‘எப்-12’ விசையை அழுத்தினால் பக்கத்தில் ஒரு கட்டம் திறக்கும். அதில் ‘அப்ளிகேஷன்’ என்ற பகுதிக்குள் ‘குக்கீஸ்’ என்று இருக்கும். ‘பயர்பாக்ஸ்’ பிரவுசரில் இதே விவரம் ‘ஸ்டோரேஜ்’ என்ற பகுதியில் கிடைக்கும். வே பில்லைப் போலவே இதற்கும் கட்டங்கள் உண்டு.

‘நேம்’ என்ற கட்டத்தில் சீட்டின் பெயர் இருக்கும். ‘வேல்யூ’ என்பதில் சீட்டின் எண். ‘டொமைன்’ என்ற கட்டம்தான் முக்கியம். சீட்டைக் கொடுத்தது யார் என்று அது சொல்லும். திறந்திருக்கும் தளத்தின் பெயரும் அந்தக் கட்டத்துப் பெயரும் வேறாக இருந்தால் அது மூன்றாம் ஆள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘எக்ஸ்பயர்ஸ்’ என்பது சீட்டு காலாவதியாகும் தேதி. அங்கே தேதிக்குப் பதில் ‘செஷன்’ என்று இருந்தால் அது அன்றைய சீட்டு. ‘செக்யூர்’, ‘எச்.டி.டி.பி. ஒன்லி’ என்ற கட்டங்களில் குறி இருந்தால், வழியில் போகிறவர்கள் சீட்டை எட்டிப் பார்க்காமலும், பக்கத்தில் நுழைந்த வேறு நிரல் அதைத் திருடாமலும் ஓரளவு காப்பு வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பல தளங்களில் ‘ஜி.ஏ.’ என்ற ஆங்கில எழுத்துக்களோடு ஒரு சீட்டு தென்படும். வருகிறவர்களை எண்ணிக் கணக்குப் பார்க்கக் கூகுள் கம்பெனி தரும் ஏற்பாடு அது. அதன் எண்ணின் கடைசிப் பகுதியில் அந்தப் பிரவுசர் முதன்முதலில் அந்தத் தளத்துக்கு வந்த நேரமே பதிந்திருக்கும். இந்தச் சீட்டு தளத்தின் சொந்தப் பெயரிலேயே எழுதப்படுவதால், மூன்றாம் ஆளைத் தடுத்தாலும் இது தடைபடாது. இதையும் மனதில் கொள்ள வேண்டும்.

பொதுக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கணக்கில் நுழைந்ததற்கான சீட்டு என்பது சாவிக்குச் சமம். பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும் அந்தச் சீட்டு கையில் இருந்தால் கணக்கைத் திறந்துவிடலாம். விண்ணப்பம் அனுப்பப் போகும் கடையிலோ நண்பர் வீட்டிலோ வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. ‘லாக் அவுட்’ செய்து வெளியே வர வேண்டும். அப்போதுதான் அந்தச் சீட்டு செல்லாததாகும்.

பார்த்தால் மட்டும் போதுமா?

இவ்வளவும் செய்து சீட்டை எடுத்துப் பார்த்தவருக்குக் கடைசியில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அதில் இருப்பது எண்தான். அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்கள், யாருக்கு விற்றார்கள் என்பதைச் சீட்டு சொல்லாது. சீட்டை அழித்தாலும் பேரேடு அழியாது. அடுத்த முறை போனால் புது எண் போடுவார்கள். கூகுள் போன்ற கணக்கில் பெயர் கொடுத்து நுழைந்திருந்தால் புது எண்ணையும் பழைய எண்ணையும் சேர்த்துக்கொள்வதும் கடினமல்ல. குக்கீயே இல்லாமல், திரையின் அளவு, எழுத்துருக்கள், கடிகார நேரம் போன்றவற்றைச் சேர்த்து ஒரு கருவியை அடையாளம் காணும் முறைகளும் வந்துவிட்டன.

ஆகவே சீட்டைப் பார்க்கத் தெரிவது முதல் படி மட்டுமே. பேரேட்டைக் காட்டு என்று கேட்கும் உரிமைதான் இரண்டாவது படி. அந்த உரிமை தனி மனிதனுக்குச் சட்டத்தின் மூலம்தான் கிடைக்க முடியும்.

ஐரோப்பா கற்ற பாடம்

இதில் முன்னே சென்றது ஐரோப்பா. கேட்காமல் குக்கீ வைக்கக் கூடாது என்ற விதி அங்கே 2009இல் செய்யப்பட்டது. 2018 மே 25ஆம் தேதி தகவல் பாதுகாப்புப் பொதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கம்பெனியே முன்கூட்டி ‘டிக்’ போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என 2019 அக்டோபர் 1ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ‘சரி’ என்பதற்கு ஒரே தட்டு. ‘வேண்டாம்’ என்பதற்கு நாலைந்து பக்கம் தேட வேண்டும் என்று ஏற்பாடு செய்தன. இந்தத் தந்திரத்துக்காகப் பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் மறுபடியும் கூகுளுக்கு 32.5 கோடி யூரோவும், ‘ஷீஇன்’ என்ற துணி வியாபாரக் கம்பெனிக்கு 15 கோடி யூரோவும் அபராதம் விழுந்தது.

பிரவுசர் கம்பெனிகளில் ‘ஆப்பிள்’ 2020இல் மூன்றாம் ஆள் சீட்டுகளை முற்றிலும் தடுத்தது. ‘பயர்பாக்ஸ்’ 2022இல் ஒவ்வொரு தளத்தின் சீட்டையும் தனித்தனி டப்பாவில் பூட்டி வைக்கும் முறையை இயல்பான ஏற்பாடாக ஆக்கியது. கூகுளும் தன் ‘குரோம்’ பிரவுசரிலிருந்து இச்சீட்டுகளை ஒழித்துவிடப் போவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் ஒழிக்கும் எண்ணத்தைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில், இதற்கென வாடிக்கையாளரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கும் யோசனையையும் விட்டுவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி தன் வருமானத்துக்குத் தானே குறுக்கே நிற்காது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இங்கே என்ன நடந்தது?

இது வெளிநாட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தை எல்லையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கின்போது வெளிமாநிலங்களிலிருந்து வருபவர்கள் இணையத்தில் விவரம் பதிந்து பாஸ் வாங்க வேண்டும் என்று கேரள அரசு உத்தரவிட்டது. வாளையார், குமுளி, ஆரியங்காவு உள்பட ஆறு செக்போஸ்டுகள் வழியாக மட்டுமே அனுமதி. பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாரில் வெயிலில் தவித்தார்கள். மே 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் கேரள ஐகோர்ட்டு கூடி, அங்கே சிக்கி நின்றவர்களுக்குப் பாஸ் கொடுத்து உள்ளே விட உத்தரவிட்டது. கையில் சீட்டு இல்லாதவனின் கதி என்ன என்பதை எல்லை அன்று கண்டது.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் ‘ஸ்பிரிங்ளர்’ விவகாரம் வெடித்திருந்தது. கொரோனா தொடர்பாகத் திரட்டிய மக்களின் விவரங்களை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் மூலம் கையாளக் கேரள அரசு செய்த ஏற்பாடு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2020 ஏப்ரல் 24ஆம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது. ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே விவரங்களைக் கம்பெனிக்குக் காட்ட வேண்டும். இனி விவரம் வாங்கும்போது, மூன்றாம் தரப்பாரும் இதைப் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றது கோர்ட்டு. குக்கீயில் எழும் கேள்வியும் இதுவே: மூன்றாம் ஆள் பார்க்கிறான் என்று சொன்னார்களா? புரியும்படி சொன்னார்களா?

2022 ஆகஸ்டில் இன்னொரு சம்பவம். ரயில் டிக்கட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி., தன்னிடம் உள்ள பயணிகளின் விவரங்களைக் கொண்டு வருமானம் ஈட்டும் வழிகளை ஆராய ஆலோசகர் தேவை என்று டெண்டர் விட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே மாதத்தில் பார்லிமெண்டு நிலைக்குழுவின் முன்னால் ஆஜரான அதிகாரிகள், டெண்டர் வாபஸ் பெறப்பட்டதாகத் தெரிவித்தார்கள். தகவல் பாதுகாப்பு மசோதாவை மத்திய அரசு திரும்பப் பெற்றிருந்த நேரம் அது. சட்டம் என்ற வேலி இல்லாதபோது பேரேட்டின் மீது எவர் கண்ணும் விழலாம் என்பதற்கு இது உதாரணம்.

புதிய சட்டம் சொல்வது என்ன?

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது. வழக்குத் தொடுத்தவர் கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் வர மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின்படி, சம்மதம் பற்றிய முக்கிய ஷரத்துக்கள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும்.

சட்டத்தில் ‘குக்கீ’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒரு மனிதனை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் அது தனிநபர் தகவல் என்கிறது. சம்மதம் என்பது கட்டாயமின்றி, விஷயம் தெரிந்து, குறிப்பிட்ட காரியத்துக்காக மட்டும், தெளிவான செய்கையால் கொடுக்கப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சுருக்கம் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளன.

குறைகளும் உண்டு. அரசு தரும் மானியம், சான்றிதழ் போன்றவற்றுக்குச் சம்மதம் இல்லாமலேயே விவரங்களைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. பாதுகாப்பில் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் கஜானாவுக்கே போய்ச் சேரும். பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு தர இந்தச் சட்டத்தில் வழி செய்யப்படவில்லை. அதே சமயம், பொய்ப்புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

தமிழில் கேட்கலாம்

இந்தச் சட்டத்தில் வெளிமாநிலத் தமிழர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டிய வாசகம் ஒன்று இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பு எளிய நடையில் இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ படிக்கும் வசதியைத் தர வேண்டும். எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தமிழும் ஒன்று. இதில் மாநில எல்லை என்ற பேச்சே இல்லை. சென்னையில் இருப்பவருக்குத் தமிழ், பாலக்காட்டில் இருப்பவருக்கு மலையாளம் என்று சட்டம் பிரிக்கவில்லை. சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் உடும்பன்சோலையிலும் இருப்பவர்கள் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் வகை செய்திருக்கிறது. ஏட்டில் உள்ள உரிமை கவுண்டருக்கு வந்து சேர எத்தனை மனு, எத்தனை நடை என்பது இங்குள்ள தமிழர்களுக்குத் தெரியும். கேட்டவர்களுக்குக் கிடைத்தது, கேட்காதவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் புதிய உரிமையும் அப்படி ஆகிவிடக் கூடாது.

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் செல்போனில் கடன் கேட்டு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இருபது பக்க நிபந்தனை வருகிறது. அடியில் ‘சரி’ என்ற பொத்தான் இருக்கிறது. அவர் அதைத் தட்டுவது சம்மதம் ஆகுமா? தெரிந்து கொடுத்ததே சம்மதம் என்று சட்டம் சொல்லும்போது, படிக்க முடியாத காகிதத்தில் வைத்த கைநாட்டுக்கு என்ன மதிப்பு? இங்கே இன்னொரு நல்ல அம்சம் உண்டு. தகராறு வந்தால், முறைப்படி அறிவித்துச் சம்மதம் பெற்றோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது, வாடிக்கையாளருடையது அல்ல.

இதற்கு இப்போதே தயாராக வேண்டும். பெரிய தளங்கள் தமிழில் அறிவிப்பு தயாரிக்கும்போது, அகராதியைப் புரட்டி யாருக்கும் புரியாத தமிழில் எழுதிவிட்டால் ஆங்கிலத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. எளிய நடை என்பதும் சட்டம் சொல்லும் நிபந்தனைதான். எல்லையோரத் தமிழ்ச் சங்கங்களும், தொழிற்சங்கங்களும், தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இதைக் கையில் எடுக்கலாம். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் ‘எப்-12’ விசையைத் தட்டிச் சீட்டின் கட்டங்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பீரியடு போதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களின் போனைத் திறந்து காட்டிவிடுவார்கள்.

அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். மாதம் ஒருமுறை ஜாபிதாவைத் திறந்து பார்ப்பது. மூன்றாம் ஆள் சீட்டைத் தடுத்து வைப்பது. பொதுக் கம்ப்யூட்டரில் ‘லாக் அவுட்’ செய்வது. ‘சரி’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘வேண்டாம்’ இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் தேடுவது.

வாளையார் சாவடியில் நின்ற டிரைவர்கள், தமக்குத் தெரியாத மொழியில் இருந்த சீட்டையும் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தார்கள். அந்த ஜாக்கிரதை செல்போனைக் கையில் எடுக்கும்போதும் வர வேண்டும். 2027 மே மாதத்துக்குள் எல்லாத் தளங்களும் தமிழில் சம்மதம் கேட்கத் தயாராகுமா, அப்படித் தயாராகாவிட்டால் கேட்டு வாங்கத் தமிழர்கள் தயாராக இருப்பார்களா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.